திடீர்னு என்றால் எவ்வளவு திடீர்?

"திடீர்னு இடது கை வரலை டாக்டர்."

நரம்பியல் டாக்டராக முப்பது வருடத்துக்கும் மேலாக இந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ரோக் வந்தவரும் இதையேதான் சொல்வார், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற எம்.எஸ். வந்தவரும் இதையேதான் சொல்வார். ஒருவருக்குக் கையில் பிடித்திருந்த சாவிக்கொத்து அந்த நொடியிலேயே நழுவி விழுந்திருக்கும். இன்னொருவருக்குத் திங்கட்கிழமை விரல் நுனி மரத்து, செவ்வாய்க்கிழமை மணிக்கட்டு வரை ஏறி, வியாழக்கிழமை சட்டைப் பொத்தான் போட முடியாமல் போயிருக்கும். இரண்டுக்கும் பெயர் "திடீர்னு". என் வேலையில் பாதி, அந்த ஒரு சொல்லைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

அதனால் "எப்போ வந்துச்சு?" என்று மொட்டையாகக் கேட்பதை என்றோ விட்டுவிட்டேன். "அப்போ கையில என்ன வெச்சிருந்தீங்க? கீழே விழுந்துச்சா?" என்று கேட்பேன். "காலையில இருந்ததைவிட சாயந்திரம் அதிகமாச்சா?" என்று கேட்பேன். நொடியில் உச்சத்துக்குப் போனால் பெரும்பாலும் ரத்தக் குழாய் சமாசாரம். நாள் கணக்கில் ஏறினால் நரம்பின் மேலுறையான மயலினை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அரிக்கிற அழற்சியாக, அதாவது எம்.எஸ். போன்றதாக இருக்கலாம். விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் ஸ்கேனுக்கு அனுப்புவதற்கு முன்பே பாதி விடை இங்கே கிடைத்துவிடும்.

நான் பயிற்சியில் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். சுத்தியல், குண்டூசி, டார்ச் லைட், இசைக்கவை. இந்த நான்கை வைத்துக்கொண்டு மூளையில் எந்த இடத்தில் அடைப்பு என்று எங்கள் பேராசிரியர் சொல்லிவிடுவார். சி.டி. படம் வரும்போது அவர் சொன்ன இடம் கறுப்பாகத் தெரியும். நாங்கள் வாய் பிளந்து பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வோம். அந்த நோயாளிக்கு ஆஸ்பிரின், பிசியோதெரபி, அவ்வளவுதான். "நீங்க நோயோட விலாசத்தைக் கரெக்டா சொல்வீங்க, ஆனா ஆளைப் பிடிக்க மாட்டீங்க" என்று இதயத் துறை நண்பன் ஒருவன் கேலி செய்வான். அவன் சொன்னதில் பொய் இல்லை.

1995 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து அந்த ஆய்வு முடிவு வந்தது. ஸ்ட்ரோக் வந்த மூன்று மணி நேரத்துக்குள் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியான டி.பி.ஏ.வைப் போட்டால், மூன்று மாதம் கழித்து ஊனமில்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருப்பவர்கள் கணிசமாகக் கூடுகிறார்கள். அதே ஆய்வில், ஊசி போட்ட நூறு பேரில் சுமார் ஆறு பேருக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானது. அந்த ஆறு என்ற எண் என்னைப் பல ராத்திரி தூங்கவிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது குறைந்தபட்சம் என் கையால் யாரும் சாகவில்லை என்ற நிம்மதியாவது இருந்தது.

முதல் ஊசியை நான் போட்ட அன்று பெரிய சிக்கலாக இருந்தது எடை. ஒரு கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதில் பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் நேரடியாக ஏற்ற வேண்டும், மிச்சத்தை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக. கணக்கு எளிதுதான். ஆனால் நோயாளி எத்தனை கிலோ? மகன் அறுபது என்றார், மனைவி எழுபத்தைந்து என்றார், மைத்துனர் இருவரையும் பார்த்துவிட்டு அறுபத்தெட்டு என்று பஞ்சாயத்து பண்ணினார். கடைசியில் வார்டு பாய் நோயாளியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினார். இரண்டு பேர் எடையிலிருந்து அவர் எடையைக் கழித்தோம். அதற்குள் ஆறு நிமிடம் போய்விட்டது. ஸ்ட்ரோக்கில் ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் அழிகின்றன என்று 2006இல் ஒரு கணக்கு வந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தத் தராசுதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இன்றும் சொல்வது இதுதான். வயதானவர்களின் எடை, அவர்கள் எடுக்கிற மாத்திரைப் பெயர்கள், குறிப்பாக ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருக்கிறதா என்பது, இவை மூன்றும் உங்கள் போனில் ஒரு படமாக இருக்கட்டும். மாத்திரை அட்டையை மேலே வைத்து ஒரு போட்டோ எடுத்தாலே போதும்.

இன்னொரு ராத்திரி. அறுபது வயதுக்காரர், வலது கை கால் வரவில்லை, பேச்சு இல்லை, வந்து சேர்ந்தது நாற்பது நிமிடத்தில். எல்லாம் பாடப்புத்தகம் போல இருந்தது. சி.டி.யில் கசிவு இல்லை. நான் மருந்தைக் கலக்கச் சொல்லிவிட்டேன். அப்போது நைட் ட்யூட்டி சிஸ்டர் என் முழங்கையைத் தொட்டு, "டாக்டர், சுகர் 38" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. குளுக்கோஸ் ஏற்றினோம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் அசைந்தது, பிறகு முழங்கை மடங்கியது, பிறகு அவர் என்னைப் பார்த்து "நீங்க யாரும்மா?" என்றார். சர்க்கரை தாழ்ந்தால் அச்சு அசலாக ஸ்ட்ரோக் போலவே வரும். டி.பி.ஏ. போடுவதற்கு முன் எல்லா நோயாளிக்கும் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரே ரத்தப் பரிசோதனை சுகர்தான். எனக்கு அது தெரியும், தெரிந்தும் அவசரத்தில் தாண்டிவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் சிஸ்டர் வாயால் சுகர் எண்ணைச் சொல்லாமல் மருந்துக் குப்பி திறக்கப்படுவதில்லை.

2008இல் அந்த மூன்று மணி நேரம் நாலரை மணி நேரமாக நீண்டது. நேரம் நீண்டதும் எங்கள் துப்பறியும் வேலையும் நீண்டது. "தூங்கி எழுந்தப்போ இப்படி இருந்தார்" என்று கொண்டுவருவார்கள். அப்போது கணக்கு அவர் படுத்த நேரத்திலிருந்து தொடங்கும், ஏனென்றால் கடைசியாக நன்றாக இருந்ததை யாரோ பார்த்த நேரம்தான் எங்களுக்குக் கணக்கு. ஒரு தாத்தாவை ஏழு மணிக்குக் கொண்டுவந்தார்கள். பத்தரைக்குப் படுத்தவர், ஆறே காலுக்குப் பேச்சில்லாமல் கிடந்தார். காலம் கடந்துவிட்டது என்று எழுதப்போனேன். பேத்தி தன் போனை நீட்டினாள். "டாக்டர், தாத்தா 4.42க்கு எனக்கு குட்மார்னிங் அனுப்பியிருக்கார்." வெறும் ஃபார்வர்டு படமாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கீழே இரண்டு வரி தட்டச்சு செய்திருந்தார், பரீட்சைக்கு வாழ்த்து, ஒரு பிழை இல்லை. அந்த இரண்டு வரி சொன்னது என்ன? 4.42க்கு அவருக்கு மொழி இருந்தது, விரல் வேலை செய்தது, கண் பார்த்தது. ஏழரைக்கு ஊசி ஏறியது. அவர் நடந்துதான் வீட்டுக்குப் போனார். (காலை வாட்ஸ்அப் வாழ்த்துகளைத் திட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.)

இதில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. நேரம் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருப்பார். பெரும்பாலும் மருமகளோ வேலைக்கு வருகிற அம்மாவோ. அவரை பில் கட்ட அனுப்பிவிடுவார்கள், அல்லது வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்லி விட்டுவிட்டு வருவார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்கிற பத்து பேருக்கும் எதுவும் தெரியாது. யார் கடைசியாகப் பார்த்தாரோ அவர் வண்டியில் ஏற வேண்டும். அண்ணன் தம்பிகளெல்லாம் பின்னால் வரட்டும்.

வரும் வழியில் செய்யக்கூடாதவை என்று சில. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விழுங்கத் தெரியாத தொண்டை அதை நுரையீரலுக்கு அனுப்பிவிடும். ஆஸ்பிரினும் கொடுக்கக் கூடாது. கட்டியா கசிவா என்று ஸ்கேன் இல்லாமல் நானே சொல்ல முடியாது. பி.பி. அதிகமாக இருக்கிறது என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து அனுப்பிய ஒரு பெண்மணியை எனக்கு மறக்க முடியவில்லை. முதலில் பார்த்த இடத்தில் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். அழுத்தம் சரேலென்று இறங்கி, உயிரோடு தத்தளித்துக்கொண்டிருந்த மூளைப் பகுதியும் போய்விட்டது. அடைப்பு இருக்கும்போது உடம்பு வேண்டுமென்றேதான் அழுத்தத்தை ஏற்றுகிறது. கரைக்கும் ஊசி போடுவதாக இருந்தால் 185/110க்குக் கீழே கொண்டுவருவோம், போடப்போவதில்லை என்றால் முதல் நாளில் 220/120 வரை பெரும்பாலும் தொடவே மாட்டோம்.

இனி நான் சொல்லப்போவது எழுதத் தயங்கிய பகுதி.

2011இல் ஒரு சாயங்காலம் என் அண்ணன் போன் செய்தார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், எனக்கு ஐம்பதானாலும் "பாப்பா"தான். "பாப்பா, மத்தியானம் வலது கை ஒரு மாதிரி மரத்துப்போச்சு. பேச வந்தா வார்த்தை மாறி மாறி வந்துச்சு. பத்து நிமிஷம்தான். இப்ப கல்லு மாதிரி இருக்கேன்." நான் ஓ.பி. முடித்துக் களைத்திருந்தேன். "சரிண்ணா, நாளைக்குக் காலையில வாங்க, ஸ்கேன் பார்த்துடலாம்" என்றேன்.

வந்து மறைந்த அந்தப் பத்து நிமிடத்துக்கு டி.ஐ.ஏ. என்று பெயர். அதற்குப் பின்னால் வரும் பெரிய ஸ்ட்ரோக்கின் ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். உடனே மருந்து தொடங்கினால் அந்த ஆபத்தை ஏறத்தாழ எண்பது சதவீதம் குறைக்கலாம் என்று 2007இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வை என் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியவள் நான். ஆனால் போனில் வந்தது நோயாளியின் குரலாக என் காதில் விழவில்லை, அண்ணன் குரலாக விழுந்தது. மறுநாள் ஆறு மணிக்கு அண்ணி எழுப்பியபோது வலது பக்கம் முழுக்க இல்லை. படுத்தது பத்தரைக்கு. 4.42 செய்தி எதுவும் இல்லை. எழும்போதே ஸ்ட்ரோக்கோடு எழுந்தவர்களை எம்.ஆர்.ஐ. பார்த்து, நேரம் தெரியாவிட்டாலும் ஊசி போடலாம் என்று காட்டிய ஆய்வு வந்தது 2018இல். அவருக்கு ஏழு வருடம் தாமதம்.

பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்று யார் சொன்னாலும் இப்போது நான் அதே ராத்திரி வரச் சொல்கிறேன். கழுத்து ரத்தக் குழாய், இதயத் துடிப்பின் ஒழுங்கு இரண்டையும் பார்க்கிறோம். பொருத்தமானவர்களுக்கு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரலும் சேர்த்து மூன்று வாரம். சரியாகிவிட்டதே என்று திரும்பிப் போகிறவர்களைப் படிக்கட்டு வரை துரத்திப்போய்க் கூட்டிவந்திருக்கிறேன். சிலருக்கு அது எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும்.

அண்ணனுக்குப் பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: "இல்லை." வேண்டும் என்றாலும் இல்லை, வேண்டாம் என்றாலும் இல்லை. முதல் மாதம் வீடே குழம்பியது. ஜன்னலைச் சாத்தட்டுமா என்றால் "இல்லை" என்பார், சாத்தாமல் விட்டால் கோபத்தில் கட்டிலைத் தட்டுவார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் எங்களுக்குக் கற்றுத்தந்தாள். சொல்லைக் கேட்காதீர்கள், தலையையும் புருவத்தையும் பாருங்கள் என்றாள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். சத்தமாகப் பேசாதீர்கள், அவருக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது. பாதிச் சொல்லில் திணறும்போது நீங்கள் முடித்துவைக்காதீர்கள். இருபது வருடமாக அஃபேசியா என்கிற இந்தப் பேச்சிழப்பை விளக்கிக்கொண்டிருந்த எனக்கு, பத்து வரை எண்ணுவது எவ்வளவு நீளமானது என்று அப்போதுதான் தெரிந்தது.

2015இல் அடுத்தடுத்து ஐந்து ஆய்வுகள் வந்து, பெரிய குழாயில் அடைத்த கட்டியைத் தொடை வழியாகக் கம்பி செலுத்தி வெளியே இழுக்கும் சிகிச்சையை உறுதிசெய்தன. 2018இல் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்யலாம் என்றானது. இழுத்தெடுத்த கட்டியை வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டுவார்கள். மண்புழுத் துண்டு போல இருக்கும். ஒரு மனிதனின் பேச்சையும் ஒரு பக்க உடம்பையும் நிறுத்தியது இதுவா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்கிறேன்.

இந்தக் கட்டி படத்துக்குக் கிடைக்கிற கைதட்டல் வார்டு வேலைக்குக் கிடைப்பதில்லை என்பது என் நீண்ட நாள் மனக்குறை. காய்ச்சலை இறக்கு, சுகரைப் பார், விழுங்கும் திறனைச் சோதித்த பிறகே வாய்வழி எதையும் கொடு. நர்ஸுகள் இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தாலே மூன்று மாதம் கழித்து இறப்பும் ஊனமும் குறைகின்றன என்று 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. அதில் புது மருந்தும் இல்லை, புது மெஷினும் இல்லை. எங்கள் பிரிவின் உண்மையான பலம் அந்த சிஸ்டர்கள்தான். நான் ரவுண்ட்ஸில் பேசுகிற ஆள். இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாளிலிருந்தே நோயாளியை எழுப்பி நிறுத்தி நடத்து என்று பிடிவாதம் பிடித்தவள் நான். முதல் 24 மணி நேரத்தில் அப்படி மும்முரமாக நடத்தினால் பலன் குறைகிறது என்று 2015இல் தெரியவந்தது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மரத்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதை மட்டும் என்றும் அனுமதித்ததில்லை, தோள்பட்டை நழுவி மாதக்கணக்கில் வலிக்கும்.

எம்.எஸ். வேறு கடிகாரத்தில் ஓடுகிற நோய். அங்கே நான் நிமிடம் எண்ணுவதில்லை, "மூணு வருஷத்துக்கு முன்னாடி ஏதாவது?" என்று கேட்கிறேன்.

1998இல் வந்த பெண்ணுக்கு வயது 27, கணக்கு ஆசிரியை. வலது கண்ணை அசைத்தால் வலி, பார்வை மங்கல். என் பேனாவின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டினேன். "இடது கண்ல சிவப்பு. வலது கண்ல அதே சிவப்பை நாலு நாள் வெயில்ல காயப்போட்ட மாதிரி இருக்கு டாக்டர்." பார்வை நரம்பின் வீக்கத்தை இதைவிடச் சரியாக யாரும் எனக்கு விவரித்ததில்லை. மூன்று வருடம் முன்பு ஏதாவது என்று கேட்டதும் யோசித்தாள். ஒரு முறை இடுப்புக்குக் கீழே இரண்டு வாரம் மரத்துக் கிடந்திருக்கிறது. பரீட்சைத்தாள் திருத்திய அலுப்பு என்று சொல்லி வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டில் கரண்ட் பாய்கிற மாதிரி இருந்ததையும் அப்போதுதான் சொன்னாள், யாரும் கேட்காததால் யாரிடமும் சொன்னதில்லை.

தாக்குதல் வேறு வேறு காலத்தில், நரம்பு மண்டலத்தின் வேறு வேறு இடத்தில். பிரெஞ்சு நரம்பியல் டாக்டர் ஷார்கோ 1868இல் பாரிஸில் தனியாக அடையாளம் காட்டிய இந்த நோயை அறிவதற்கு நெடுங்காலம் முதுகெலும்பாக இருந்தது இதுதான். எம்.ஆர்.ஐ. வந்தபின் ஒரே படத்திலேயே பழைய தழும்பையும் புதிய தழும்பையும் பார்த்துவிடுகிறோம். ஆனால் தழும்பு இருப்பதெல்லாம் எம்.எஸ். இல்லை. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் பி.பி. உள்ளவர்களுக்கும் மூளையில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் தொலைத்து வருகிறவர்களில் பலரை, ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.

அந்த ஆசிரியையிடம் நோயின் பெயரை நான் சொன்ன விதம் மோசம். நின்றபடி, ஃபைலைப் புரட்டியபடி, நாலு நிமிடத்தில். அவள் கேட்டது ஒரே கேள்வி: "நான் எப்போ வீல்சேர்ல உட்காருவேன்?" என்னிடம் பதில் தயாராக இல்லை. இப்போது உட்கார்ந்துதான் சொல்கிறேன், கூட ஒருவர் இருக்கும்போது. முதல் நாள் பெயரையும் அடுத்து என்ன செய்வோம் என்பதையும் மட்டும் சொல்கிறேன். ஒரு வாரத்துக்குள் மறுபடி வரச் சொல்கிறேன். முதல் நாள் பெயருக்குப் பிறகு நான் பேசியது எதுவுமே அவர்கள் காதில் ஏறியிருக்காது. கேள்விகளை எழுதிக்கொண்டு வருவது அந்த இரண்டாவது நாளுக்குத்தான்.

அவளுக்குக் கிடைத்த மருந்து இன்டர்ஃபெரான். 1993இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது, இந்த நோயின் போக்கை மாற்றும் என்று வந்த முதல் மருந்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோலுக்கடியில் ஊசி, போட்ட ராத்திரி காய்ச்சலும் உடம்பு வலியும். கணக்கு டீச்சர் ஆயிற்றே, ஒரு நோட்டு போட்டாள். தேதி, ஊசி போட்ட இடம், காய்ச்சல், புதிதாக என்ன அறிகுறி, எத்தனை மணி நேரம் இருந்தது. அந்த நோட்டுதான் எனக்கும் பாடம். 24 மணி நேரத்தைத் தாண்டினால்தான் புதிய தாக்குதல் என்று கணக்கில் கொள்வோம், அதுவும் காய்ச்சலோ கிருமித் தொற்றோ இல்லாதபோது. வெந்நீரில் குளித்துவிட்டு வந்ததும் கண் மங்குகிறது, அரை மணியில் தெளிகிறது என்றால் அது சூட்டால் வருவது, ஊட்ஹாஃப் என்ற கண் மருத்துவர் 1890இலேயே எழுதிவைத்த சங்கதி. பயம் வேண்டாம், வெதுவெதுப்பாகக் குளித்தால் போதும். பழைய பலவீனம் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்தால் நான் முதலில் அனுப்புவது சிறுநீர்ப் பரிசோதனைக்கு. தொற்றைச் சரிசெய்தால் காலின் பலம் தானாகத் திரும்பும். இது தெரியாமல் ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்குவது இன்னும் மோசம். பார்வை நரம்பு வீக்கத்துக்கு வழக்கமான அளவு மாத்திரை மட்டும் கொடுத்தால் மீண்டும் வருவது கூடுகிறது என்று 1992 முதலே தெரியும்.

அடுத்த வருடம் அவள் இன்னொரு கேள்வியோடு வந்தாள். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? எங்களுக்கு முந்தைய தலைமுறை டாக்டர்கள் கூடாது என்று அடித்துச் சொன்னார்கள், நானும் சிலரிடம் அதையே ஒப்பித்திருக்கிறேன். ஐரோப்பாவில் 12 நாடுகளில் 254 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1998இல் வந்திருந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாக்குதல்கள் நன்றாகக் குறைகின்றன, பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதத்தில் கூடுகின்றன. அந்த மூன்று மாதத்துக்கு வீட்டில் யார் துணை என்று முதலில் முடிவு பண்ணுங்கள் என்றேன். அவள் மகனுக்கு இப்போது இருபத்து நாலு. நான் கூடாது என்று சொல்லி அனுப்பிய மற்ற பெண்களைப் பற்றி இங்கே எழுத எனக்கு எதுவும் இல்லை.

தவறுகளில் ஒன்றையாவது முழுதாகச் சொல்ல வேண்டும். 2003 வாக்கில் ஒரு பெண், வயது 34. இரண்டு வாரம் விடாத விக்கல், வாந்தி. வயிற்று டாக்டரிடம் எண்டோஸ்கோப்பி வரை பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். விக்கல் தானாக நின்றது. இரண்டு மாதம் கழித்து இரண்டு காலும் விழுந்து என்னிடம் வந்தாள். தண்டுவடத்தில் நீளமான வீக்கம். எம்.எஸ். என்று எழுதி இன்டர்ஃபெரான் தொடங்கினேன். விக்கலை அவள் சொன்னாள், நான் குறித்துக்கொள்ளவே இல்லை. கால் விழுந்த பெண்ணிடம் விக்கல் கதை கேட்க யாருக்குப் பொறுமை? அடுத்த ஒன்றரை வருடத்தில் ஒரு கண் போனது.

அது என்.எம்.ஓ. என்னும், பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறு நோய். அதற்கான ரத்தப் பரிசோதனைக்கு வழிவகுத்த ஆன்டிபாடியைக் கண்டுபிடித்ததே 2004இல். மூளைத்தண்டில் வாந்தியைக் கட்டுப்படுத்தும் இடத்தை அது தாக்கும்போது விக்கலும் வாந்தியும் வாரக்கணக்கில் நிற்காது. எம்.எஸ்.ஸுக்கு நல்லது செய்கிற இன்டர்ஃபெரான் இதை மோசமாக்கலாம். பரிசோதனை கைக்கு எட்டியதும் பழைய ஃபைல்களைத் தோண்டி, சந்தேகப்பட்ட எல்லோரையும் திரும்ப அழைத்தேன். அவளிடம் நடந்ததைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். "அன்னைக்கே விக்கலைச் சொன்னேனே டாக்டர்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. என் கேள்விப்பட்டியலில் "நிற்காத விக்கல் வந்ததுண்டா?" என்பது அன்றிலிருந்து இருக்கிறது. பயிற்சி டாக்டர்கள் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். முதல் மாதம் மட்டும்.

மருந்துகள் இப்போது குவிந்து கிடக்கின்றன. 2010இல் மாத்திரை வடிவம் வந்தது. 2017இல், தொடக்கத்திலிருந்தே படிப்படியாக மோசமாகும் வகைக்கு முதல் முறையாக ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பலமான மருந்து என்றால் பலமான விலையும் உண்டு. நட்டாலிசுமாப் என்ற எம்.எஸ். மருந்து 2004 கடைசியில் அனுமதி பெற்று, மூன்றே மாதத்தில் மூளையைத் தாக்கும் ஒரு வைரஸ் நோயால் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டு, 2006இல் கட்டுப்பாடுகளோடு திரும்பியது. அதனால் புதிய மருந்து தொடங்கும் யாரிடமும் இந்த மூன்றைக் கேட்கச் சொல்கிறேன். இது வேலை செய்கிறதா என்று எப்போது, எதை வைத்துப் பார்ப்பீர்கள்? எந்த அறிகுறி வந்தால் அன்றே உங்களை அழைக்க வேண்டும்? நிறுத்த வேண்டி வந்தால் எப்படி நிறுத்துவோம்? 2022இல் எப்ஸ்டீன்–பார் வைரஸுக்கும் எம்.எஸ்.ஸுக்கும் உள்ள தொடர்பு உறுதியாக வெளிவந்தபோது, அந்த டெஸ்ட் எடுக்கட்டுமா என்று கேட்டு போன் மேல் போன். வேண்டாம். பெரியவர்கள் ஏறத்தாழ எல்லோர் உடம்பிலும் அந்த வைரஸ் இருக்கிறது, ரிசல்ட் உங்களுக்கு எதையும் சொல்லாது.

ஸ்கேனில் தெரியாத இரண்டு விஷயம்தான் என் எம்.எஸ். நோயாளிகளின் வீட்டு வாழ்க்கையைப் பெரும்பாலும் கெடுக்கிறது. ஒன்று, அசதி. "நல்லாத்தானே இருக்கா, ஆனா மத்தியானமானா படுத்துக்கறா" என்று ஒரு கணவர் என்னிடம் புகார் சொன்னார், அவளை வைத்துக்கொண்டே. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி அது. அவரிடம் சொன்னேன்: "உங்க போன்ல காலையிலேயே நாற்பது பர்சன்ட்தான் சார்ஜ் இருக்குன்னு வெச்சுக்கோங்க. அன்னைக்கு யார் போன் பண்ணா எடுப்பீங்க, யாரோடதைக் கட் பண்ணுவீங்க?" கனமான வேலையைக் காலையில் முடிப்பது, நடுவில் இருபது நிமிடம் படுப்பதை வெட்கமில்லாமல் அட்டவணையிலேயே போடுவது, முடிந்த அளவு உடற்பயிற்சி. இவை மருந்தைவிட நன்றாக வேலை செய்கின்றன. இரண்டாவது, சிறுநீர். அடக்க முடியவில்லை, அல்லது முழுதாகப் போகவில்லை. யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன், பஸ் ஏறுவதில்லை என்றுதான் சொல்வார்கள். நான் நேரடியாகவே கேட்டுவிடுகிறேன், அதற்கு முன் உடன் வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு.

போன வாரம் அந்த ஆசிரியை வந்திருந்தாள். கையில் ஊன்றுகோல். வீல்சேர் இல்லை என்பதை இருவரும் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. நோட்டு பதினோராவது. அவளுடைய எம்.ஆர்.ஐ.யை விரித்து வைத்திருந்தபோது போன் அடித்தது. முதலாமாண்டுப் பயிற்சி டாக்டர், கேஷுவாலிட்டியிலிருந்து.

"மேடம், 58 வயசு, திடீர்னு இடது..." என்று தொடங்கியவன் அவனே நிறுத்திக்கொண்டான். "கையில ரிமோட் வெச்சிருந்தார் மேடம், விழுந்திருக்கு. கடைசியா நல்லா பார்த்தது 9.20. சுகர் 112. எடை 64. ரத்தம் இளக்குற மாத்திரை எதுவும் இல்லை, அட்டை போட்டோ இருக்கு. சி.டி.க்கு ஏத்தியாச்சு."

"9.20 யார் பார்த்தது?"

"மருமகள், மேடம்."

"எங்கே அவங்க?"

ஒரு நொடி சத்தமில்லை. "பில் கவுன்டர்ல..."

"ஓடு" என்றேன். ஆசிரியை என் மேஜைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே தன் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள். "நான் வெளியே உட்கார்ந்திருக்கேன் டாக்டர். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."